இணைய வானொலி: அடுத்த பாட்டை இன்னொருவர் கையில் விடும் பழக்கம்

விரும்பிய பாட்டை விரும்பிய நொடியில் போட்டுத் தரும் செயலி எல்லார் போனிலும் இருக்கும்போது, இணைய வானொலி கேட்பதால் நம் கேட்கும் பழக்கத்தில் என்ன மாறிவிடப் போகிறது? மாறும் என்றால், அதற்கு என்னென்ன ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். ஏற்பாடு சரியில்லாமல் ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே வாரத்தில் பழைய பிளேலிஸ்ட்டுக்கே திரும்பிவிடுகிறார்கள் என்பதுதான் காரணம்.

அடிப்படையில் மாறுவது ஒன்றுதான். அடுத்த பாட்டு எது என்ற முடிவு உங்கள் விரலை விட்டு இன்னொருவர் கைக்குப் போகிறது. கேட்கும் நேரம் கூடுவது, புதுப் பாட்டுகள் அறிமுகமாவது, ஒரு பாட்டை முழுக்கக் கேட்கும் பொறுமை திரும்புவது, சில சமயம் கவனம் சிதறுவது எல்லாம் அதிலிருந்து கிளைப்பவை.

செயலியில் விரல் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஸ்பாட்டிஃபை என்ற இசைச் செயலியின் தரவை வைத்து, இசைத் தரவு ஆய்வாளர் பால் லமேர் 2014-இல் வெளியிட்ட கணக்குப்படி, ஒலிக்கத் தொடங்கும் பாட்டுகளில் ஏறத்தாழ 24 சதவீதம் முதல் 5 விநாடிக்குள்ளேயே ஸ்கிப் செய்யப்படுகின்றன. 30 விநாடி ஆவதற்குள் 35 சதவீதம் போய்விடுகின்றன. கடைசிவரை ஓடுபவை பாதிக்குச் சற்று மேல்தான். மெதுவாக எடுத்து மூன்றாவது நிமிடத்தில் விரியும் பாட்டுக்கு இந்தப் பழக்கத்தில் இடமே கிடைப்பதில்லை.

வழக்கமான இணைய வானொலியில் ஸ்கிப் பட்டன் கிடையாது. சர்வரிலிருந்து கிளம்புவது ஒரே ஸ்ட்ரீம், அதாவது இடைவிடாமல் ஓடும் ஒரே ஒலி. ஆயிரம் பேர் கேட்டால் ஆயிரம் பேருக்கும் அதே பாட்டு. பிடிக்கவில்லை என்றால் நிலையத்தையே மாற்ற வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டே பல பாட்டுகளை அதன் போக்கில் விட்டுவிடுவோம். அப்படி விட்டதில் சில, இரண்டாம் சரணத்துக்கு வரும்போது நம்மை நிமிர்ந்து உட்கார வைக்கும். முதல் நாலைந்து நாள் எரிச்சலாகத்தான் இருக்கும், கை தானாகப் போனைத் தேடும். இதைத் தாண்டுவதற்கு ஒரே ஒரு விதி போதும்: நிலையத்தைப் போட்டால் 30 நிமிடம் மாற்றக் கூடாது. முப்பது நிமிடத்தில் ஏழெட்டுப் பாட்டு வரும். அதில் இரண்டு பிடித்தாலே அந்த நிலையம் தேறும். எட்டும் பிடித்தால், உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பாட்டுகளைத்தான் அது போடுகிறது என்று அர்த்தம். அந்த நிலையத்தால் பழக்கம் மாறாது.

'இணைய வானொலி' என்ற பெயரில் இரண்டு வேறு பொருள்கள் உலவுகின்றன. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலருக்கு ஏமாற்றம் வருகிறது.

முதல் வகை, உண்மையான ஒலிபரப்பு. அமெரிக்காவில் சேப்பல் ஹில் நகரின் டபிள்யூஎக்ஸ்ஒய்சி என்ற மாணவர் வானொலி 1994 நவம்பர் 7 அன்று தன் எஃப்எம் ஒலிபரப்பை அப்படியே இணையத்தில் விட்டது. இந்த வகையில் மிக முந்தைய முயற்சிகளில் அது ஒன்று. 1999 வாக்கில், இணையத்தில் ஒலிபரப்ப உதவும் ஷவுட்காஸ்ட் மென்பொருள் பரவிய பிறகு, ஒரு கணினியும் இணைய இணைப்பும் உள்ள எவரும் நிலையம் நடத்தலாம் என்றாகிவிட்டது. அந்த அலையில் வந்தவைதான் சோமா எஃப்எம், ரேடியோ பாரடைஸ் ஆகிய இரண்டும். 2000-இல் தொடங்கி, விளம்பரம் இல்லாமல், கேட்பவர்கள் தரும் நன்கொடையிலேயே ஓடுகின்றன. பிரான்சின் அரசு வானொலிக் குழுமத்தைச் சேர்ந்த ஃபிப் 1971-இலிருந்து ஒலிபரப்பாகிறது. ஜாஸுக்கு அடுத்து ராக், அதற்கு அடுத்து ஏதோ ஒரு நாட்டின் நாட்டுப்புறப் பாட்டு என்று கோத்துக்கொண்டே போகும். இங்கெல்லாம் பாட்டுகளைத் தேர்ந்தெடுப்பது மனிதக் காது. பலவற்றில் எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்பதையும் அதுவே முடிவு செய்கிறது. ஒரு பாட்டின் கடைசிச் சுருதியும் அடுத்ததன் முதல் சுருதியும் உறவாடுவது காதில் விழும். இந்தக் கோர்வையைக் கேட்பதற்காகவே இணைய வானொலி பக்கம் வரலாம் என்பேன்.

இரண்டாம் வகை, உங்களுக்கென்று தனியாகத் தயாராகும் நிலையம். பண்டோரா 2005-இல் இதைப் பரவலாக்கியது. இசை தெரிந்தவர்கள் ஒவ்வொரு பாட்டையும் கேட்டு, குரலின் தன்மை, தாளம், இசைக்கருவிகள் என்று 450 வரையிலான கூறுகளாகப் பிரித்துக் குறித்து வைப்பார்கள். நீங்கள் ஒரு பாட்டைச் சொன்னால் அதற்கு ஒத்தவை வரிசையாக வரும். லாஸ்ட் எஃப்எம் வேறு வழியில் போனது: உங்களைப் போன்ற ரசனை உள்ளவர்கள் கேட்பதை உங்களுக்குக் காட்டியது. அதன் சொந்த வானொலிச் சேவை 2014-இல் நின்றுவிட்டது. ஆனால் அந்த யோசனை இன்று பல இசைச் செயலிகளில் 'ரேடியோ' என்ற பொத்தானாக உட்கார்ந்திருக்கிறது.

இந்த இரண்டாம் வகையில் ஒரு பொறி உண்டு. பிடித்த பாட்டுக்கெல்லாம் லைக் போடப் போட, நிலையம் சுருங்கிக்கொண்டே வரும். ஒவ்வொரு லைக்கும் 'இதைப் போலவே' என்று சொல்வதுதானே! இரண்டு மூன்று வாரத்தில் அதே பதினைந்து இருபது பாடகர்கள் சுற்றிச் சுற்றி வர ஆரம்பிப்பார்கள். தவிர்க்க வேண்டுமானால், ஏற்கெனவே தெரிந்த பாட்டுக்கு லைக் போடாதீர்கள். எதிர்பாராமல் வந்து பிடித்ததற்கு மட்டும் போடுங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மூன்று பாடகர்களை விதையாக, அதாவது நிலையத்தின் தொடக்கப் புள்ளியாகக் கொடுங்கள். நிலையம் சலித்துவிட்டால் அதைத் திருத்திக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம். அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே எளிது.

'ஒரே ஆல்பத்தை வரிசையாக ஏன் போடுவதில்லை, ஒரு மணி நேரத்தில் இத்தனை முறைக்கு மேல் ஸ்கிப் ஏன் கூடாது' என்ற எரிச்சலுக்கும் காரணம் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து ஒலிபரப்பும் நிலையங்கள் பெரும்பாலும் 1998-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் தரும் பொது உரிமத்தில், அதாவது ஒவ்வொரு பாட்டுக்கும் தனி அனுமதி கேட்கத் தேவையில்லாத உரிமத்தில், இயங்குபவை. அதன்படி எந்த 3 மணி நேரத்திலும் ஒரே ஆல்பத்திலிருந்து 3 பாட்டுக்கு மேல் கூடாது, தொடர்ச்சியாக 2-க்கு மேல் கூடாது. ஒரே கலைஞரின் பாட்டு 4-க்கு மேல் கூடாது, தொடர்ச்சியாக 3-க்கு மேல் கூடாது. வரப்போகும் பாட்டுகளின் பட்டியலை முன்கூட்டியே வெளியிடவும் கூடாது. பண்டோராவின் இலவசச் சேவையில் ஒரு நிலையத்துக்கு மணிக்கு 6 ஸ்கிப் என்று நெடுநாள் இருந்த வரம்பும் உரிமம் சார்ந்ததே. பாட்டு காசுக்கு விற்பனையாவதைப் பாதிக்கக் கூடாது என்று எழுதப்பட்ட விதி இது. ஆனால் கேட்பவருக்கு இதனால் வேறொரு நன்மை விளைந்தது: எந்த நிலையமும் ஒரே ஆளின் பாட்டில் மூழ்கிவிட முடியாது, பலரையும் கலந்தே ஆக வேண்டும்.

நேரம் பற்றிய பழக்கம் மாறுவதைப் பலர் கவனிப்பதில்லை. பழைய வானொலியில் உங்கள் காலைக்குக் காலை நிகழ்ச்சி, இரவுக்கு இரவு நிகழ்ச்சி. இணையத்தில், உங்களுக்கு 8 மணி நேரம் பின்னால் இருக்கும் ஊரின் நிலையத்தைப் போட்டால், அவர்களுடைய காலை 8 மணி நிகழ்ச்சி உங்களுக்கு மாலை 4 மணிக்கு வரும். மந்தமான பிற்பகலுக்கு அந்தச் சுறுசுறுப்பு அருமையாகப் பொருந்தும். அதேபோல, அவர்களுடைய நள்ளிரவு நிகழ்ச்சி உங்கள் காலை வேலைக்குப் பின்னணியாகும். பேச்சு குறைவாகவும் நீண்ட பாட்டுகள் அதிகமாகவும் இருக்கும். நிலையத்தின் கால அட்டவணையை ஒருமுறை பார்த்து, பிடித்த தொகுப்பாளரின் நேரத்தை உங்கள் நேரத்துக்கு மாற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். கோடைக்காலத்தில் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் இந்தக் கணக்கு ஆண்டுக்கு இருமுறை ஒரு மணி நேரம் நகரும். நிகழ்ச்சி காணாமல் போனதாகத் தோன்றுவது பெரும்பாலும் இதனால்தான்.

இனி ஏற்பாடு. ஐந்து நிலையங்களுக்கு மேல் வேண்டாம். ஐம்பதைச் சேர்த்து வைத்தால், எதைப் போடுவது என்று தேடுவதிலேயே பொழுது போகும்; செயலியில் எந்தத் தொல்லையிலிருந்து விடுபட வந்தோமோ அதுவே திரும்ப வரும். மனிதத் தொகுப்பாளர் பேசிக்கொண்டே நடத்துவது ஒன்று, பேச்சே இல்லாமல் ஒரே வகை இசை தருவது ஒன்று, வேறு நேர மண்டலத்தில் இருப்பது ஒன்று, மொழியோ இசையோ கொஞ்சமும் பழக்கமில்லாதது ஒன்று, உங்களுக்கு ஆறுதலாக இருக்கும் பழகிய நிலையம் ஒன்று என்று பிரித்துக்கொள்வது நல்லது. தேடுவதற்கு, உலக உருண்டையைச் சுழற்றி நிலையம் பிடிக்கும் ரேடியோ கார்டன் ஒரு நல்ல வாசல். ரேடியோ பிரவுசர் என்ற பொதுத் தரவுத்தளம் இலவசம். பல செயலிகள் அதிலிருந்துதான் பட்டியல் எடுக்கின்றன.

பிட்ரேட், அதாவது ஒரு நொடிக்கு வரும் ஒலித் தரவின் அளவு, பற்றிய கணக்கை வாய்ப்பாடு போல நினைவில் வைத்துக்கொள்ளலாம். 64 கேபிபிஎஸ் (நொடிக்கு 64 கிலோபிட்) ஸ்ட்ரீம் மணிக்கு சுமார் 29 எம்பி இழுக்கும். 128 என்றால் சுமார் 58 எம்பி, 320 என்றால் 144 எம்பி. ரேடியோ பாரடைஸ் போன்றவை தரும், தரம் குறையாமல் சுருக்கிய ஃப்ளாக் ஸ்ட்ரீம் இசையைப் பொறுத்து 300 முதல் 450 எம்பி வரை போகும். தினம் 2 மணி நேரம் 128-இல் கேட்டால் மாதத்துக்கு ஏறத்தாழ 3.5 ஜிபி. எண்ணை மட்டும் பார்த்துத் தரத்தை முடிவு செய்யக் கூடாது, கோடெக்கையும், அதாவது ஒலியைச் சுருக்கும் முறையையும், பார்க்க வேண்டும். 64-இல் எம்பி3 என்றால் டிரம்ஸில் உள்ள சிம்பல் தட்டின் ஓசை தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலக் குழம்பும். அதே 64-இல் எச்இ-ஏஏசி நன்றாகவே இருக்கும். வெளியில் நடக்கும்போது 64 எச்இ-ஏஏசி, வீட்டில் 128 ஏஏசி அல்லது 192 எம்பி3 போதும். ப்ளூடூத் ஹெட்போனில் ஃப்ளாக் கேட்பது வீண். ப்ளூடூத் தன் பங்குக்கு ஒலியைப் பெரும்பாலும் மறுபடி சுருக்கியே அனுப்பும். ஒயர் போட்ட ஹெட்போனோ நல்ல ஸ்பீக்கரோ இருந்தால் மட்டும் ஃப்ளாக் பக்கம் போங்கள்.

கணினியில் கேட்க விஎல்சி என்ற இலவச பிளேயர் போதும். கன்ட்ரோல் விசையோடு 'என்' அழுத்தினால் முகவரி கேட்கும் பெட்டி திறக்கும். நிலையத்தின் ஸ்ட்ரீம் முகவரியை ஒட்ட வேண்டியதுதான். நிலையத்தின் தளத்தில் எம்3யு, பிஎல்எஸ் என்று முடியும் கோப்புகள் கிடைக்கும். அவற்றில் பாட்டு இருக்காது, ஸ்ட்ரீம் முகவரி மட்டும் எழுதப்பட்ட சிறு எழுத்துக் கோப்புகள் அவை. நோட்பேடில் திறந்தால் முகவரி தெரியும்.

ஒலி விட்டுவிட்டு வந்தால் காரணத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நிலையங்கள் பரவலாகப் பயன்படுத்தும் ஐஸ்காஸ்ட் என்ற சர்வர் மென்பொருள், நீங்கள் இணைந்தவுடன் முதல் வீச்சில் வழக்கமாக 64 கேபி (கிலோபைட்) ஒலியை மொத்தமாகத் தள்ளும். 128 கேபிபிஎஸ் ஸ்ட்ரீமுக்கு அது 4 விநாடிக் கையிருப்பு. பிறகு வருவது நிகழ்நேர வேகத்தில்தான். வைஃபை 5 விநாடி தடுமாறினால் கையிருப்பு காலி. விஎல்சியின் அதே பெட்டியில் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்பதைத் தட்டி, கேச்சிங் அளவை, அதாவது பஃபர் எனப்படும் முன்கையிருப்பை, 5000 மில்லி விநாடியாக உயர்த்தினால் சிறு தடுமாற்றங்கள் தெரியாது. ஆனால் இணைப்பின் சராசரி வேகமே பிட்ரேட்டை எட்டவில்லை என்றால் எவ்வளவு பஃபர் வைத்தாலும் பயனில்லை, குறைந்த பிட்ரேட் ஸ்ட்ரீமுக்கு மாறியே ஆக வேண்டும். இன்னொன்று: ஒவ்வொரு கேட்பவருக்கும் ஐஸ்காஸ்ட் வழக்கமாக 512 கேபி வரைதான் காத்து வைத்திருக்கும். 128-இல் அது 32 விநாடிக்குச் சற்று மேல். அதைவிட நீண்ட நேரம் இணைப்பு போனால் சர்வர் உங்களைக் கழற்றிவிடும். தானாக மறுபடி இணையத் தெரியாத பிளேயர்கள் அப்படியே மௌனமாகிவிடும். நிறுத்திவிட்டு மீண்டும் போட வேண்டும்.

போனில் திரை அணைந்த பத்து நிமிடத்தில் பாட்டு நிற்கிறதா? பழி நிலையத்தின் மேல் இல்லை. பேட்டரியைச் சேமிக்கும் அமைப்பு பின்னணிச் செயலியை மூடுகிறது. அமைப்புகளில் அந்தச் செயலியின் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குங்கள். பிரவுசரில் ஒரு நிலையம் மட்டும் ஓடவே மாட்டேன் என்றால், பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் பக்கத்துக்குள்ளிருந்து பழைய எச்டிடிபி ஸ்ட்ரீமை பிரவுசர் தடுத்திருக்கக்கூடும். அதே முகவரி விஎல்சியில் பாடும். உரிமக் காரணங்களால் சில நாடுகளிலிருந்து சில நிலையங்கள் கேட்காது. 2022 முதல் பிரிட்டனில் ரேடியோ கார்டன் வழியாக வெளிநாட்டு நிலையங்கள் கிடைப்பதில்லை என்பது இதற்கு உதாரணம்.

தனிக் கருவியாக இணைய வானொலிப் பெட்டி வாங்குவோர் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: நிலையப் பட்டியல் அதற்கு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலான பெட்டிகள் வேறொரு நிறுவனத்தின் பட்டியலை நம்பியிருப்பவை. ரெசிவா என்ற பட்டியல் சேவை 2021-இல் மூடப்பட்டபோது, அதை நம்பியிருந்த பெட்டிகள் நல்ல நிலையில் இருந்தும் முடங்கின. ஸ்ட்ரீம் முகவரியை நாமே உள்ளிட வசதி உள்ள பெட்டியே பாதுகாப்பு.

பாட்டின் பெயர் திரையில் தெரிவது சின்ன விஷயமாகத் தோன்றும். பழக்கத்தை அதிகம் மாற்றுவது அதுதான். அந்தக் காலத்தில் அறிவிப்பாளர் பெயர் சொல்லும் நொடியில் யாராவது கூப்பிட்டால் அந்தப் பாட்டு போனது போனதுதான். இன்று ஒலியோடு பெயரும் வருகிறது. உள்ளே நடப்பது இது: பிளேயர் கேட்டுக்கொண்டால், சர்வர் குறிப்பிட்ட பைட்டுகளுக்கு ஒருமுறை, பெரும்பாலும் 16,000 பைட்டுக்கு ஒருமுறை, ஒலியை நிறுத்தி ஒரு சிறு குறிப்பைச் செருகும். 128 கேபிபிஎஸ்-இல் அது சரியாக நொடிக்கு ஒன்று. பெயர் மாறவில்லை என்றால் அந்தக் குறிப்பு வெறும் பூஜ்யம். மாறினால் புதுப் பெயர். இதில் ஒரு சிக்கல்: ஒலி பஃபரில் வரிசையில் நின்று காத்திருக்க, பெயரைப் பல பிளேயர்கள் வந்தவுடனே காட்டிவிடும். ஆகவே பாட்டு மாறுவதற்குச் சில விநாடி முன்பே பெயர் மாறும். பாட்டின் கடைசியில் அவசரமாகக் குறித்தால் அடுத்த பாட்டின் பெயரைக் குறித்துவிடுவீர்கள். பிடித்த பாட்டை நடுவிலேயே குறியுங்கள். தவறினால் நிலையத்தின் தளத்தில் 'சமீபத்தில் ஒலித்தவை' பட்டியலை நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆங்கிலம் அல்லாத எழுத்துகள் குப்பையாகத் தெரிந்தால், அனுப்பும் பக்கமும் காட்டும் பக்கமும் வெவ்வேறு எழுத்துக் குறியாக்கத்தைப் பயன்படுத்துகின்றன. அதற்கும் அந்தப் பட்டியலே வழி.

குறிப்பதோடு நின்றால் பட்டியல் நீளும், இசை சேராது. பாட்டு, கலைஞர், நிலையம், தேதி என்று நான்கு விவரம் போதும். வாரத்தில் ஒருநாள் அதில் இரண்டை எடுத்து, அந்தப் பாட்டு இடம்பெற்ற ஆல்பத்தை முழுதாகக் கேளுங்கள். இசைச் செயலிக்கு வேலை இங்கேதான். வானொலி ஒரு கலைஞரின் ஒரு பாட்டைக் காட்டிவிட்டுப் போய்விடும்; மேற்கொண்டு அவருடன் இருப்பது உங்கள் பாடு. இந்த வாராந்தர வேலையைச் செய்யாதவர்களிடம் இணைய வானொலி மெல்ல மெல்லப் பின்னணி இரைச்சலாகத் தேய்வதுதான் வழக்கம். நாள் முழுக்க ஓடும், மாலையில் ஒரு பாட்டின் பெயர்கூட நினைவில் இருக்காது. வேலை செய்யும்போது ஓடட்டும், தவறில்லை. ஆனால் நாளில் அரை மணி நேரமாவது வேறு எதுவும் செய்யாமல் அதை மட்டும் கேட்க வேண்டும்.

பழக்கம் உண்மையில் மாறியிருக்கிறதா என்று அளக்க நீங்கள் கேட்ட பாட்டுகளைக் குறித்துவைக்கும் லாஸ்ட் எஃப்எம், லிசன்பிரெயின்ஸ் போன்ற பதிவேடுகள் உதவும். 30 விநாடிக்கு மேல் நீளமுள்ள பாட்டில் பாதியோ 4 நிமிடமோ, எது முதலில் வருகிறதோ அதுவரை கேட்டால் ஒரு கணக்கு ஏறும். வானொலி ஸ்ட்ரீமில் பாட்டின் நீளம் வருவதில்லை என்பதால் பதிவு சில நேரம் தவறும். துல்லியத்தை எதிர்பார்க்காமல் போக்கை மட்டும் பாருங்கள். மாதத்தில் எத்தனை கலைஞர்கள் உங்களுக்கு முதன்முறையாக வந்தார்கள் என்பதே பார்க்க வேண்டிய எண். மொத்த நேரம் கூடி அந்த எண் கூடவில்லை என்றால் நிலையங்களில் இரண்டை மாற்றுங்கள்.

நேரம் கூடுவது காதுக்குச் சுமை. பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பு எல்லை. ஒலி கூடக் கூட இந்த நேரம் வேகமாகக் குறையும். நிலையத்துக்கு நிலையம் ஒலி அளவு வேறுபடும். சில நிலையங்கள் மெல்லிய பகுதிகளையும் உயர்த்தி எல்லாவற்றையும் ஒரே உரத்த அளவாக்கி அனுப்புகின்றன. அப்படிப்பட்டதிலிருந்து மாறும்போது மற்றது மெலிந்து கேட்கும், உடனே ஒலியைக் கூட்டத் தோன்றும். கூட்டாமல் ஐந்து நிமிடம் பொறுத்தால் காது பழகிவிடும்.

கடைசியாக ஒரு விஷயம், இதைப் பலரும் யோசிப்பதில்லை. எஃப்எம் கோபுரத்துக்குக் கேட்பவர் ஒருவரானாலும் லட்சம் பேரானாலும் மின்செலவு ஒன்றே. இணைய நிலையத்துக்கு அப்படியில்லை. 128 கேபிபிஎஸ்-இல் ஆயிரம் பேர் கேட்டால் சர்வரிலிருந்து 128 எம்பிபிஎஸ் (நொடிக்கு 128 மெகாபிட்) போய்க்கொண்டே இருக்க வேண்டும். அமெரிக்க நிலையங்களுக்கு ராயல்டியும், அதாவது பாட்டின் உரிமையாளர்களுக்குத் தரும் தொகையும், பெரும்பாலும் பாட்டு ஒன்றுக்கு, கேட்பவர் ஒருவருக்கு என்று எண்ணித்தான் கணக்காகிறது. ஒலியை மியூட் செய்துவிட்டுப் போனாலும், ஆளில்லாத அறையில் ஓடவிட்டாலும் அந்தச் செலவு ஏறிக்கொண்டே இருக்கும். நன்கொடையில் வாழும் சிறு நிலையங்களுக்கு இது பாரம். கேட்டு முடித்ததும் மியூட் வேண்டாம், ஸ்டாப் அழுத்துங்கள். தூங்கப் போகும் முன் ஸ்லீப் டைமரை 45 நிமிடத்துக்கு வைத்துவிடுங்கள்.